மலைநாட்டுச் சாலையில் மங்கையரும் சைக்கிளும்

உடல் உபாதைகளுள் சில வாய்விட்டுச் சொல்லப்படுபவை. சில மனத்துள்ளேயே மறைத்து வைக்கப்படுபவை. தலைவலி என்றால் வீட்டிலுள்ளோர் அனைவரும் அறிவர். பல்வலி என்றால் அயல்வீட்டாரும் அறிவர். சைக்கிளிற் செல்லும் ஒரு பெண்ணுக்கு அதன் ஆசனத்தால் உண்டாகும் நோவை மட்டும் ஒருவரும் அறியார். தாயிடம் சொல்ல நாணம். வைத்தியரிடம் சொல்ல அதனினும் நாணம். முடிவில் ஒருநாள் சைக்கிள் சுவரோரம் சாத்தப்படுகின்றது. "ஏன் பிள்ளை, சைக்கிள் ஓடுவதை விட்டுவிட்டாய்?" என்று கேட்டால், படிப்பு அதிகம் என்றோ, மழை ஓயவில்லை என்றோ ஒரு காரணம் வரும். உண்மையான காரணம் வருவதில்லை.

நமது நாட்டிலே சைக்கிளின் அருமையை 2022 ஆம் ஆண்டு எல்லோருக்கும் உணர்த்தியது. பெற்றோலுக்கும் டீசலுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற அக்காலத்தில், உத்தியோகத்தர் முதல் மாணவர் வரை பலரும் பழைய சைக்கிள்களைத் துடைத்தெடுத்தனர். கடைகளிற் புதிய சைக்கிள்களின் விலை மளமளவென்று ஏறியது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பெண்கள் சைக்கிளிற் செல்வது புதுமையன்று. அங்கே தரை சமதரை. பாடசாலை மாணவியர் அணியணியாகச் சைக்கிளிற் செல்வது அன்றாடக் காட்சி. கண்டி நகரின் நிலைமை வேறு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலே, மலைகள் சூழ அமைந்த நகரம் இது. இங்கு சைக்கிள் ஓட முற்படும் பெண் மேட்டோடும் வளைவோடும் வாகன நெரிசலோடும் போராட வேண்டும். இவற்றோடு ஆசனத்தின் வேதனையும் சேர்ந்துகொண்டால் ஆர்வம் எத்தனை நாளைக்கு நிலைக்கும்?

இவ்வேதனை பெண்ணாய்ப் பிறந்தவர் பொறுத்தே தீரவேண்டிய ஒன்றன்று. குறை பெண்ணின் உடலில் இல்லை. அவளுக்கென அளவெடுக்காத ஆசனத்தில் இருக்கின்றது; அதைப் பற்றி வாய்திறவாத நமது மௌனத்தில் இருக்கின்றது. அளவையும் திருத்தலாம், மௌனத்தையும் கலைக்கலாம். அதற்கான வழிகளை இங்கு ஆராய்வோம்.

ஆசனம் யாருக்காகச் செய்யப்பட்டது?

இன்று நாம் காணும் சைக்கிளின் உருவம் 1885 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே யோன் கெம்ப் ஸ்ராலி என்பவர் வெளியிட்ட 'றோவர்' வண்டியோடு நிலைபெற்றது. 1888 இல் யோன் பொயிட் டன்லொப் காற்றடைத்த ரயரைக் கொண்டுவந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1882 இல், பேர்மிங்காமைச் சேர்ந்த புறூக்ஸ் என்பவர் தோலாற் செய்த சைக்கிள் ஆசனத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றுவிட்டார். அக்காலத்திற் சைக்கிள் ஓடியவர்கள் பெரும்பாலும் ஆடவர். ஆகவே ஆசனமும் ஆடவர் உடலமைப்பை மனத்திற் கொண்டே உருவாயிற்று.

1890 களில் மேனாட்டுப் பெண்கள் பெருந்தொகையாகச் சைக்கிள் ஏறத் தொடங்கினர். உடனே வைத்தியர்களிடையே ஒரு வாதம் மூண்டது. இந்த ஆசனம் பெண்களுக்குக் கேடு விளைக்கும் என்றனர் சிலர்; பெண்கள் சைக்கிள் ஏறுவதே தகாது என்றனர் வேறு சிலர். உற்பத்தியாளரோ நடுவிலே பிளவுள்ள ஆசனங்களையும், எலும்புகளை மட்டும் தாங்கும் இரட்டை மெத்தை ஆசனங்களையும் செய்து விற்கலாயினர். இன்று புதுமை என விளம்பரம் செய்யப்படும் 'நடுவிற் குழிவுள்ள ஆசனம்' உண்மையில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய எண்ணமே. இடையிலே அது மறக்கப்பட்டுப் போயிற்று. 1985 இல் அமெரிக்கப் பொறியியலாளரான ஜோர்ஜினா ரெரி என்ற பெண்மணி பெண்களுக்கென்றே சைக்கிள் செய்யும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதன் பின்னரே பெண்ணின் அளவு என ஒன்று உண்டு என்னும் உண்மைக்கு மீண்டும் மதிப்புக் கிடைத்தது.

உடலின் பாரம் எங்கே தங்குகிறது?

ஒரு கடினமான வாங்கிலே நேராக அமர்ந்து, உள்ளங்கைகளைக் கீழே வைத்துப் பாருங்கள். இரண்டு எலும்பு முனைகள் கையில் உறுத்தும். நாம் அமரும்போது உடலின் பாரத்தைத் தாங்குவதற்கென்றே அமைந்தவை அவை. அமர்வெலும்புகள் என அவற்றைக் குறிப்பிடலாம். சைக்கிள் ஆசனத்தில் அமரும்போதும் பாரம் இவ்விரு முனைகளிலேயே தங்க வேண்டும். அவற்றுக்கு இடையே உள்ள பகுதி மென்றசையாலும் நுண்ணிய நரம்புகளாலும் இரத்தக் குழாய்களாலும் ஆனது. அப்பகுதி பாரந் தாங்குவதற்காக அமைந்ததன்று. அங்கே பாரம் விழுமானால் மரத்துப்போதல், எரிவு, வீக்கம், தோலுரிதல் என ஒவ்வொன்றாக வந்து சேரும்.

பெண்களின் இடுப்பெலும்பு மகப்பேற்றுக்கு ஏற்றவாறு அமைந்திருப்பதால், அமர்வெலும்புகளின் இடைவெளி சராசரியில் ஆண்களினும் அவர்களுக்குச் சற்று அதிகம். பொதுவாக இவ்விடைவெளி பத்துச் சென்ரிமீற்றருக்கும் பதினைந்து சென்ரிமீற்றருக்கும் இடைப்பட்டதாக இருக்கும். அது ஆளுக்கு ஆள் வேறுபடும். மெலிந்த பெண்ணுக்கு அகன்ற இடைவெளியும், பருத்த பெண்ணுக்குக் குறுகிய இடைவெளியும் இருக்கக் கூடும். ஆகையால் உடலின் பருமனைப் பார்த்து ஆசனம் தேர்வது பயன்தராது. ஆசனம் இடைவெளியிலும் குறுகியதாக இருந்தால் எலும்பு முனைகள் இரண்டும் அதன் ஓரங்களுக்கு வெளியே வழுவிவிடும். பாரம் முழுவதும் நடுவிலுள்ள மென்றசையில் இறங்கும். அண்ணனின் சைக்கிளையோ தந்தையின் சைக்கிளையோ ஓடும் பெண்பிள்ளைகள் பலரின் துன்பத்துக்கு இதுவே மூலகாரணம்.

இன்னொரு மயக்கமும் பலரிடம் உண்டு. ஆசனம் எவ்வளவு மெத்தென்று இருக்கின்றதோ அவ்வளவு சுகம் என்று எண்ணுகின்றனர். கடையிலே கைவிரலால் அழுத்திப் பார்த்து, பஞ்சு போன்ற ஆசனத்தையே வாங்குகின்றனர். ஐந்து நிமிடப் பிரயாணத்துக்கு அது சுகமாகவே தோன்றும். அரைமணி நேரம் சென்றதும் எலும்பு முனைகள் மெத்தைக்குள் அமிழ்ந்துவிடும். அவற்றுக்கு இடையிலுள்ள மெத்தை மேலெழுந்து மென்றசையை அழுத்தும். தலையணையின் இரு புறத்தையும் கைகளால் அமுக்கினால் நடுப்பகுதி புடைத்தெழுவது போன்றதே இது. நீண்ட தூரம் செல்வோருக்கு, அளவான அகலமும் ஓரளவு உறுதியும் உள்ள ஆசனமே உகந்தது.

வீட்டிலேயே அளவெடுக்கலாம்

இந்த இடைவெளியை அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. பொருட்கள் பொதிசெய்து வரும் நெளியட்டைப் பெட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, கடினமான படி ஒன்றிலோ வாங்கிலோ வையுங்கள். மெல்லிய உடையோடு அதன்மேல் அமர்ந்து, கால்களைச் சற்று உயர்த்தி, சைக்கிளிற் குனிவது போல முன்னே சாய்ந்து ஒரு நிமிடம் இருங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு பள்ளங்கள் தெரியும். ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து மற்றதன் நடுவரை உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். அதனோடு ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர் கூட்டினால் வருவதே உங்களுக்கேற்ற ஆசனத்தின் அகலம். நிமிர்ந்து அமர்ந்து மெல்லச் செல்பவர்களுக்கு இன்னுஞ் சற்று அகலம் வேண்டும். தாயும் மகளுமாக ஒரு பிற்பகலில் இதனைச் செய்து முடிக்கலாம். சொல்லத் தயங்கியிருந்த பேச்சுக்கும் அதுவே தொடக்கமாக அமையலாம்.

புதிய ஆசனம் வாங்குமுன் இருக்கும் ஆசனத்தை ஒழுங்குபடுத்திப் பார்ப்பது விவேகம். பணச் செலவில்லாத இத்திருத்தமே பலருடைய துன்பத்தில் பெரும்பங்கைத் தீர்த்துவிடும்.

முதலாவது, உயரம். வாகன நெரிசலில் அடிக்கடி நிற்க நேரிடுவதால், அமர்ந்தபடியே இரு பாதங்களும் நிலத்தில் ஊன்றும் வண்ணம் ஆசனத்தைத் தாழ்த்தி வைப்பது நம் பெண்களின் வழக்கம். இதனாற் பெருந்தீங்கு உண்டாகின்றது. சைக்கிளில் நம் பாரத்தைக் கால், கை, ஆசனம் ஆகிய மூன்றும் பங்கிட்டுக் கொள்கின்றன. ஆசனம் தாழ்ந்திருந்தாற் கால்கள் தம் பங்கைச் சுமவா. பாரம் முழுவதும் ஆசனத்தில் இறங்கும். ஆசனம் மிக உயர்ந்திருந்தாலோ, மிதியை எட்டுவதற்காக இடுப்பு இருபுறமும் ஆடும். அந்த உராய்வாலே தோல் புண்ணாகும். குதிக்காலை மிதியில் வைத்து, மிதி அடியில் வரும்போது கால் நேராக நிமிருமாயின் அதுவே ஏறத்தாழச் சரியான உயரம். பின்னர் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சிறிது வளைந்திருக்கும். நிற்க வேண்டிய இடத்தில் ஆசனத்தை விட்டு முன்னே இறங்கி, ஒரு காலை ஊன்றப் பழகிக்கொள்ள வேண்டும். ஓரிரு நாட் பயிற்சியில் இது கைவந்துவிடும்.

இரண்டாவது, சாய்வு. சமதரையில் நிறுத்திய சைக்கிளின் ஆசனத்தின் மீது, மேசன்மார் சுவரெழுப்பும்போது வைக்கும் நீர்மட்டத்தை நீளவாக்கில் வைத்துப் பாருங்கள். ஆசனத்தின் நுனி மேல்நோக்கி இருக்குமாயின் அது கட்டாயம் திருத்தப்பட வேண்டும்.

மூன்றாவது, கைபிடி. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2012 இல் 48 பெண் சைக்கிளோட்டிகளை ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டனர். கைபிடி ஆசனத்திலும் தாழ்வாக இருந்தபோது, முன்புற மென்றசை மீது அழுத்தம் கூடியது; அப்பகுதியின் உணர்ச்சியும் குறைந்தது. பந்தயச் சைக்கிளிற் கைபிடி தாழ்ந்திருப்பது காற்றின் எதிர்ப்பைக் குறைப்பதற்காக. பல்கலைக்கழகத்துக்கும் வேலைத்தலத்துக்கும் செல்லும் பெண்ணுக்குக் காற்றை வெல்ல வேண்டிய அவசரம் என்ன? கைபிடியை ஆசனத்தின் மட்டத்துக்கோ அதற்குச் சற்று மேலோ உயர்த்திக்கொள்வது நலம்.

கண்டிப் பாதையின் தனிக்குணம்

இனி மலைநாட்டுக்கே உரிய ஒரு விடயத்துக்கு வருவோம். கண்டி வாவியைச் சுற்றியுள்ள பாதை ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நீளமான சமதரை. பேராதனைக்குச் செல்லும் வீதியும் கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் வீதியும் ஓரளவு இசைவானவை. ஹந்தானைப் பக்கமோ அம்பிட்டியப் பக்கமோ திரும்பினால் உடனே மேடு தொடங்கிவிடும். கொழும்புப் பக்கம் சென்றால் கடுகண்ணாவைக் கணவாய். பாதையமைத்த கப்டன் டோசனின் நினைவாக 1832 இல் எழுப்பப்பட்ட தூபி அங்கே நிற்கின்றது. கிழக்கே மஹியங்கனைக்குச் செல்லும் பாதையிலோ பெயர்பெற்ற 18 வளைவுகள்.

இத்தகைய பாதையில் ஆசனத்துக்கு என்ன நேர்கின்றது? நூறு மீற்றர் தூரத்தில் எட்டு மீற்றர் உயரும் ஒரு மேட்டை எடுத்துக்கொள்வோம். அந்த மேட்டிற் சைக்கிள் முழுவதுமே ஏறத்தாழ நாலரைப் பாகை பின்னோக்கிச் சாய்கின்றது. அதாவது, வீட்டு முற்றத்தில் நீர்மட்டம் வைத்துச் சமமாகப் பூட்டிய ஆசனத்தின் நுனி, மேட்டில் நாலரைப் பாகை மேலெழுந்து நிற்கின்றது. ஏறுபவளோ மூச்சுவாங்க முன்னே குனிகின்றாள். மேலெழுந்த நுனியும் முன்னே குனிந்த உடலும் சந்திக்கும் இடத்தில் இருப்பது அந்த மென்றசைப் பகுதியே. மேட்டில் மெல்லவே செல்ல முடிவதால், அழுத்தம் நீடிக்கும் நேரமும் அதிகம். சமதரையில் நோவின்றிச் சைக்கிள் ஓடிய ஒரு மாணவி பேராதனைக்குப் படிக்க வந்த பின்னர் அதே சைக்கிளில் வேதனைப்படுவாளாயின், அதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். சைக்கிளும் மாறவில்லை, அவளும் மாறவில்லை, மாறியது பாதையின் சாய்வே.

இதற்குப் பரிகாரம் எளிது. மலைநாட்டிற் சைக்கிள் ஓடும் பெண்கள் ஆசனத்தின் நுனியைச் சமமட்டத்திலிருந்து ஒன்று அல்லது இரண்டு பாகை கீழே இறக்கிக்கொள்ளலாம். சாதாரண அளவுள்ள ஆசனத்தின் நுனி, பின்புறத்தினும் அரைச் சென்ரிமீற்றர் தாழ்ந்தால் அது ஏறத்தாழ ஒரு பாகை. அளவுக்கு மிஞ்சி இறக்கினால் உடல் முன்னே வழுக்கும். கைகளும் தோள்களும் நோகும். ஆதலாற் சிறிது சிறிதாக இறக்கி, ஒவ்வொரு முறையும் ஓரிரு நாட்கள் ஓடிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மேடேறும் முறையும் கவனத்துக்குரியது. கியர் உள்ள சைக்கிளாயின் இலகுவான கியரில், கால்கள் விரைவாகச் சுழலும் வண்ணம் ஏற வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஆசனத்தை விட்டெழுந்து நின்று மிதித்தால், அழுத்தப்பட்ட பகுதியில் இரத்தம் மீண்டும் ஓடும். கியர் இல்லாத சைக்கிளாயின் கடும் மேட்டில் இறங்கித் தள்ளிச் செல்வதே அறிவுடைமை. அதில் இழிவு எதுவும் இல்லை. இறக்கத்திலே இரு மிதிகளையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, முழங்காலை வளைத்து, ஆசனத்திலிருந்து சற்றே உயர்ந்து செல்லப் பழகினால், பள்ளந் திட்டிகளின் அதிர்ச்சியைக் கால்கள் ஏற்றுக்கொள்ளும்.

உடையும் தூய்மையும்

ஆசனம் சரியாக இருந்தும் உடை தவறாயின் துன்பம் தீராது. தடித்த தையல்கள் நான்கும் ஒன்றுகூடும் இடம் ஜீன்ஸ் காற்சட்டையின் நடுப்பகுதி. ஆசனத்தில் அமரும்போது அதுவே கத்திபோல் உறுத்தும். நீண்ட தூரம் ஓடுபவர்கள், உட்புறத்தில் மெத்தை வைத்துத் தைத்த சைக்கிள் காற்சட்டையை அணிவது நன்று. பெண்களுக்கென அமைந்ததைப் பார்த்து வாங்க வேண்டும். வெளியே தெரிவதை விரும்பாதவர்கள் அதன்மேல் சல்வாரையோ தளர்ந்த பாவாடையையோ அணிந்துகொள்ளலாம். துணியின் ஓரம் சங்கிலியிலும் சில்லிலும் சிக்காதபடி கட்டிக்கொள்வது முக்கியம். இக்காற்சட்டையின் உள்ளே வேறு உள்ளாடை அணிதல் ஆகாது. உள்ளாடையின் தையலே உராய்ந்து புண்ணாக்கும் என்பதாலேயே மெத்தை நேராகத் தோலிற் படும்படி அது தைக்கப்பட்டிருக்கின்றது. ஒருமுறை அணிந்ததைத் துவைத்து வெயிலில் உலர்த்தாமல் மறுமுறை அணிதல் கூடாது.

கண்டியில் மழைக்குப் பஞ்சமில்லை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களிற் பிற்பகல் வேளைகளில் வானம் திடீரெனக் கொட்டிவிடும். நனைந்த உடையோடும் வியர்வையோடும் வகுப்பறையிலோ அலுவலகத்திலோ மணிக்கணக்கில் அமர்ந்திருத்தல் தோல்நோய்க்கு வரவேற்புக் கூறுவதாகும். மாற்றுடை ஒன்றை நீர்புகாத பையில் எடுத்துச் செல்வது சிறு செயல், பயனோ பெரிது. சேர்ந்தவுடன் கழுவித் துடைத்து உலர்ந்த உடையை மாற்றிக்கொள்ள வேண்டும். உராயும் இடங்களில் வசிலீன் போன்றதொன்றை மெல்லப் பூசிக்கொள்வது தோலைக் காக்கும். போதிய நீர் பருகுவதும், சிறுநீரை அடக்கி வைக்காதிருப்பதும், பிரயாணம் முடிந்தவுடன் சிறுநீர் கழிப்பதும் சிறுநீர்த்தொற்று வராமற் காக்க உதவும். மாதவிடாய் நாட்களில் அணையாடையின் ஓரங்கள் உராய்ந்து தோலைப் புண்ணாக்கும். அந்நாட்களில் தூரத்தைக் குறைத்து, அடிக்கடி மாற்றிக்கொண்டாற் போதும், சைக்கிளை அறவே விலக்க வேண்டிய அவசியமில்லை.

வீராங்கனையரும் வாய்திறந்தனர்

"பழகப் பழகச் சரியாகிவிடும், பந்தயம் ஓடும் பெண்களெல்லாம் பொறுக்கவில்லையா?" என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் பொறுத்ததும் உண்மை; பொறுத்ததாற் கெட்டதும் உண்மை. ஒலிம்பிக் விளையாட்டிற் பெண்களுக்கான சைக்கிள் வீதிப் பந்தயம் 1984 ஆம் ஆண்டிலேதான் முதன்முதலாக இடம்பெற்றது. அதன்பின் பல ஆண்டுகள் சென்றும் வீராங்கனையர் பலர் ஆசனப் புண்களை வெளியே சொல்லாமலே ஓடினர். 2016 ஆம் ஆண்டு றியோ ஒலிம்பிக்குக்கு முன்னர், பிரித்தானியச் சைக்கிள் அணியின் மருத்துவக் குழுவினர் இவ்விடயத்தை வெளிப்படையாகவே எடுத்துக்கொண்டனர். வீராங்கனையரிடம் நேரிற் கேட்டறிந்தனர். தோல் நோய், உராய்வு முதலியவற்றில் வல்லுநரை அழைத்து ஆலோசித்தனர். அந்தரங்க மயிரை மழித்தலும் பிடுங்கலும் தோலின் இயற்கைக் காப்பை அகற்றிப் புண்ணுக்கு வழிவகுக்கும். ஆதலின் அவற்றைத் தவிர்க்குக என்பது அவர்கள் கூறிய எளிய அறிவுரைகளுள் ஒன்று. ஆசனத்தின் சாய்வு பற்றிய பந்தய விதியையும் மாற்றுமாறு அவர்கள் சர்வதேசச் சைக்கிள் ஒன்றியத்திடம் எடுத்துரைத்தனர். ஆசனம் ஏறத்தாழச் சமமட்டமாகவே இருத்தல் வேண்டும் என்று இருந்த விதி தளர்ந்தது. 2016 முதல் ஒன்பது பாகை வரை சாய்ப்பதற்கு இடமளிக்கப்பட்டது. பெண்கள் வாய்திறந்தனர், உலகச் சட்டமே வளைந்து கொடுத்தது.

வாய்திறவாதிருப்பதன் விளைவையும் ஒரு வீராங்கனையே கூறியிருக்கின்றார். மாற்றுத் திறனாளிகளுக்கான றியோப் போட்டியிற் கலந்துகொண்ட ஹனா டைன்ஸ், ஆசன அழுத்தத்தால் நாளடைவில் ஏற்பட்ட வீக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்துகொள்ள நேர்ந்ததை 2019 இல் பத்திரிகையில் எழுதினார். பிறர் அந்நிலைக்கு வரலாகாது என்பதற்காகவே அவர் தமது அந்தரங்கத்தைப் பகிரங்கப்படுத்தினார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இவ்வளவையும் வாசித்த பெற்றோர், "இவ்வளவு தொல்லை எதற்கு? பெண்பிள்ளைக்குச் சைக்கிளே வேண்டாம்" என்று முடிவு செய்துவிடலாகாது. சைக்கிள் ஓடுவதாற் பெண்ணின் தாம்பத்திய வாழ்வுக்கோ மகப்பேற்றுக்கோ கேடு வரும் என்ற அச்சம் நம் வீடுகளில் இன்னும் மறையவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வைத்திய ஆய்வாளர்கள் பல நாட்டுப் பெண்களிடம் விசாரித்து 2018 இல் வெளியிட்ட ஆய்வு, சைக்கிள் ஓடும் பெண்களின் தாம்பத்திய நலம், நீந்தும் பெண்களினதும் ஓடும் பெண்களினதும் நலத்தினும் தாழ்ந்ததன்று எனக் கண்டது. அதே ஆய்வு, சிறுநீர்த்தொற்று, மரத்துப்போதல், ஆசனப் புண் ஆகியன சைக்கிளோட்டிகளிடம் கூடுதலாகக் காணப்படுவதையும் கூறியது. ஆகவே அஞ்சி விலக்க வேண்டியது சைக்கிளையன்று. கவனித்துத் தடுக்க வேண்டியவை இம்மூன்றுமே.

சைக்கிள் ஒரு பெண்ணுக்கு எதைத் தரும் என்பதற்குத் தமிழகத்தின் புதுக்கோட்டை மாவட்டமே சாட்சி. அங்கே 1991 ஆம் ஆண்டில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தோடு அறிவொளி இயக்கத்தினர் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தனர். கிராமத்துப் பெண்கள் பல்லாயிரவர் சைக்கிள் ஓடப் பழகினர். தண்ணீர் எடுக்கவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் எவர் துணையையும் எதிர்பாராமற் சென்று வந்தனர். தன் விருப்பப்படி ஓரிடத்துக்குப் போய்வரும் வல்லமையே அவர்கள் பெற்ற பெரும்பேறு. அத்தகைய பேற்றை ஒரு தவறான ஆசனத்துக்காக நம் பெண்பிள்ளைகள் இழத்தல் முறையாகுமா?

எந்த நோவு பொறுக்கத் தக்கது, எது பொறுக்கத் தகாதது என்று பிரித்தறிவதும் அவசியம். புதிதாக ஓடத் தொடங்கிய முதல் ஓரிரு வாரங்களில் எலும்பு முனைகளில் ஏற்படும் மந்தமான நோவு இயல்பானது. சிறு தூரத்திலிருந்து படிப்படியாகக் கூட்டிச் சென்றால் அது தானே மறையும். மரத்துப்போதல், எரிவு, தோல்வெடிப்பு ஆகியன முதல் நாளே வந்தாலும் ஆசனத்தைத் திருத்த வேண்டும் என்பதற்கான அறிகுறிகளே. சைக்கிளை விட்டிறங்கிய பின்னரும் நீடிக்கும் மரப்பு, ஒரு வாரத்தில் ஆறாத புண், கட்டி, வீக்கம், காய்ச்சலோடு கூடிய கொப்புளம், சிறுநீர் கழிக்கையில் எரிவு அல்லது குருதி ஆகியன காணப்பட்டால் தாமதியாது வைத்தியரை நாட வேண்டும். மகப்பேற்றின் பின் மீண்டும் சைக்கிள் ஏற விரும்புவோரும் வைத்திய ஆலோசனை பெற்றே தொடங்குதல் நலம். ஆண் வைத்தியரிடம் கூறத் தயங்குவோர் பெண் வைத்தியரைக் கேட்டுப் பெறலாம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் மனந்திறந்து பேசலாம். இத்தகைய நோய்களை நாள்தோறும் காண்பவர்கள் அவர்கள். நாம் நாணுவது போல அவர்கள் நாணுவதில்லை.

செருப்புக்கு ஏற்பக் காலைத் தறிப்பார் இல்லை. ஆயினும் ஆசனத்துக்கு ஏற்ப உடலை வருத்திக்கொள்ளும்படி நம் பெண்பிள்ளைகளை இத்தனை காலமும் விட்டுவைத்திருக்கிறோம். ஓர் அட்டைத் துண்டு, ஓர் அளவுகோல், ஒரு நீர்மட்டம், சைக்கிள் திருத்துபவரிடம் பத்து நிமிடம்: இவ்வளவே வேண்டியவை. இவற்றுக்கெல்லாம் முன்பாக, "உனக்கு எங்கே நோகிறது, பிள்ளை?" என்று கேட்கும் ஒரு தாயோ தமக்கையோ தோழியோ வேண்டும். அக்கேள்வி பிறக்கும் வீட்டிற் சைக்கிள் சுவரோரம் கிடந்து துருப்பிடிக்காது.